வெடியுப்புப் போட்ட கறி

அன்றைக்கு அந்த வீட்டில் இருந்தவர்கள்.

பிலோமினா நர்ஸ். பிள்ளைப்பேறு பார்க்கிறவள். எங்கள் தெருக் கடைசி வீட்டுக்குக் குடிவந்து ஒரு வருசம் ஆகியிருந்தது.

அவளுடைய அப்பா. பேர் அந்துவான். தெருவில் யாரும் பேர் சொல்ல மாட்டார்கள், சொல்தா என்பார்கள். பாண்டிச்சேரிப் பக்கம் பட்டாளத்துக்காரரை அப்படித்தான் சொல்வார்களாம். பிரெஞ்சுக்காரன் பட்டாளத்தில் சமையல்காரராகச் சைகோன் வரைக்கும் போனவர்.

ஞானமணி வாத்தியார். சர்ச்சுப் பள்ளிக்கூடத்தில் வேலை. நர்ஸ் வீட்டாரும் வேதக்காரர்கள், இவரும் வேதக்காரர். ஆனால் ரெண்டு வேதமும் ஒன்று கிடையாது என்று இவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

குருசாமி. எங்கள் பட்டாசுக் கம்பெனி மருந்துக் குடோனில் சாக்கு தூக்குகிறவன். என் வீட்டுக்காரருக்குத் தம்பி முறை.

என் வீட்டுக்காரர் பொன்னையா. ரயிலடியில் மாட்டுவண்டி ஓட்டினார்.

நான்.

ஆறு பேர். ஒருத்தர் சாப்பிட்டார். மற்றவர்கள் சாப்பிடாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். செத்துப்போவாரா, மாட்டாரா என்று பார்த்தோம்.

போன வாரம் மழைக்குக் கம்பெனி மூடின கதையில் நிறுத்தியிருந்தேன். அது கிடக்கட்டும். சாத்தூரிலிருந்து ஒரு அம்மா பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறார்கள், உங்களுக்கு யாரையுமே நம்பத் தெரியாதா என்று. தெரியாது. அதைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

தட்டு

ஞாயிற்றுக்கிழமை மதியம். சொல்தா எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். நர்ஸ் வீட்டு நடுவறையில் பாய் விரித்திருந்தது. சொல்தாவுக்கு மட்டும் முக்காலி. அவருக்கு ஒரு கால் மடங்காது.

வெள்ளைப் பீங்கான் தட்டு, ஓரத்தில் நீலக் கோடு. தட்டில் பருப்பு. தோலோடு முழுசாக, குழையாமல் வெந்திருந்தது. அதுக்கு மேலே விரல் தண்டிக்குக் கறித் துண்டு. பன்றிக் கறி.

எல்லாருக்கும் வைத்தாயிற்று. ஒருத்தர் கையும் இறங்கவில்லை.

கறி ரோஸ் நிறத்தில் இருந்தது. வெந்த கறி சாம்பல் நிறமாக இருக்கும், இல்லையென்றால் மசாலா நிறமாக இருக்கும். இது எங்கள் கம்பெனியில் பொட்டிக்கு ஒட்டுகிற ரோஸ் காகிதம் மாதிரி இருந்தது.

"என்ன ஐயா, வேகல போலருக்கே" என்றார் வாத்தியார்.

"நல்லா வெந்தது. நாந்தான் பக்கத்துல இருந்தேன்" என்றார் சொல்தா.

"பச்சை ரத்தமால்ல தெரியுது."

"அந்தக் கறி அப்படித்தான் இருக்கும். நிறம் மாறினாத்தான் தப்பு."

"மஞ்சத்தூள் போடலையா?" என்று நான் கேட்டேன்.

"இல்லம்மா."

"வத்தல்?"

"இல்ல."

"பின்ன என்னதான் போட்டீக?"

"சின்ன வெங்காயம். மிளகு. கிராம்பு. பிரிஞ்சி இலை. கொஞ்சம் கற்பூரவல்லி."

"அது சளிக்குக் குடுக்கிறதுல்லா?" என்றான் குருசாமி. "அப்போ இது கொழம்பா, கசாயமா?"

என் வீட்டுக்காரர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோறு கிடையாதா?"

"ரொட்டி இருக்கு" என்றாள் பிலோமினா.

"ரொட்டியா" என்றார். காய்ச்சல்காரனுக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

நான் வரும்போதே ஒரு காரணம் வைத்திருந்தேன். "எனக்கு வேண்டாம் நர்சம்மா. இருக்கன்குடி கோயிலுக்கு நேந்திருக்கேன். கவிச்சி தொடக்கூடாது."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முந்தின நாள் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு.

கேட்ட பொருள்

அதுக்கு ஒரு வாரம் முந்தி, கம்பெனி விட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தேன். பிலோமினா வந்து நின்றாள். வெள்ளைச் சேலை. டெட்டால் வாசனை.

"பேச்சியக்கா, ஒரு உதவி."

"சொல்லுங்க."

"உங்க கம்பெனியில வெடியுப்பு இருக்கும்ல? துளி வேணும். ஒரு ஸ்பூன் போதும்."

நான் செம்பைக் கீழே வைத்தேன். எங்கள் பக்கம் வெளி ஆள் வெடியுப்பு கேட்டால் காரணம் இப்படித்தான் இருக்கும். காட்டுப் பன்றிக்கு வெடி வைக்க. லைசன்ஸ் இல்லாமல் வீட்டில் வெடி சுருட்ட. இல்லாவிட்டால் யார்மேலாவது எறிய.

"எதுக்கு?"

"கறிக்கு."

"எதுக்கு?"

"கறி ஊறப்போட அக்கா. அப்பா கேக்கறாரு. பிரெஞ்சுக்காரங்க செய்யறது, பெத்தி சலேன்னு பேரு. பன்றிக் கறியில உப்பைத் தேச்சு நாலு நாள் ஜாடியில வச்சிருந்து, கழுவி, பருப்போட வேக வைக்கணும். சமையல் உப்போட துளி வெடியுப்பு சேத்தாத்தான் கெடாது, நிறமும் நிக்கும். பாண்டியில மருந்துக்கடையில கேட்டா பொட்டலம் மடிச்சுக் குடுப்பாங்க. இங்க கேட்டா கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பாக்கறாரு."

பார்க்கத்தானே செய்வார்.

"கேட்டுல சோதனை போடுவாக நர்சம்மா. முடியாது."

அது பொய் இல்லை. உள்ளே போகும்போது பீடி, தீப்பெட்டி, இரும்பு ஊசி பார்ப்பார்கள். வெளியே வரும்போது மடியைத் தட்டிப் பார்ப்பார்கள். பிடிபட்டால் அந்தக் கம்பெனியில் மட்டும் இல்லை, நாரணாபுரம் முதற்கொண்டு எங்கேயும் வேலை கிடைக்காது.

ஆனால் சோதனை இல்லாவிட்டாலும் நான் கொடுத்திருக்க மாட்டேன். மனுசன் தின்கிற பொருளா அது? வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"அந்த வீட்டுல என்னமோ நடக்கு."

"என்ன நடக்கு?"

"தெரியல. அதான் சொல்லுதேன்."

பேர்தான் பச்சை

நான் விஸ்வநத்தத்தில் மத்தாப்பு ஷெட்டுக்கு வேலைக்குப் போனது கல்யாணத்துக்கு முந்தியே. மூணாவது வரைக்கும் பள்ளிக்கூடம். அதுக்குப் பிறகு ஷெட்.

அங்கே உப்பு எல்லாம் வெள்ளையாக இருக்கும். வெடியுப்பு வெள்ளை. பச்சை உப்பும் வெள்ளைதான், பேர்தான் பச்சை. மத்தாப்பில் போட்டுக் கொளுத்தினால் பச்சையாக எரியும். கையில் எடுத்தால் சமையல் உப்புக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது.

சாக்கில் பேர் எழுதியிருக்கும், இங்கிலீசில். எங்களில் யாருக்கும் அது படிக்க வராது. அதனால் குடோனில் ஒரு உப்புக்கு ஒரு இடம். கதவோரம் வெடியுப்பு. வடக்குச் சுவரோரம் பச்சை உப்பு. மூலையில் கந்தகம். கண்ணை மூடிக்கொண்டு போனாலும் கை அதது இடத்துக்குப் போகும். சாக்கு எங்கே கிடக்கிறதோ அதுதான் அதன் பேர்.

கிட்டம்மா என்று ஒருத்தி என் பக்கத்தில் உட்கார்ந்து கம்பி அடுக்குவாள். வாய் ஓயாது. எல்லாரையும் கேலி பேசுவாள். ஒரு மாங்காய்க் காலத்தில், மதியம், சன்னல் கட்டையில் இலைத் துண்டில் வெள்ளையாக உப்பு இருந்தது. யாரோ மாங்காய்க்குக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தாள். தொட்டுத் தின்றாள். "உப்பு சரியில்லட்டி" என்று என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு இன்னொரு கீத்தையும் தின்றாள்.

பொழுது சாயும்போது வாந்தி. அதுக்குப் பிறகு கால் எழவில்லை. கை எழவில்லை. கண் மட்டும் திறந்திருந்தது. விடியவில்லை அவளுக்கு.

அதுக்குப் பிறகு எங்கள் கம்பெனிக்குள் சமையல் உப்பு கொண்டுபோகக் கூடாது என்று ஆனது. கஞ்சியில் வீட்டிலேயே கரைத்துக் கொண்டுபோவோம். குறைந்தால் குறைந்ததுதான். இன்றைக்கும் யார் வீட்டிலாவது உப்பு தனியாக இலையில் வைத்தால் என் கை அந்தப் பக்கம் போகாது.

சாத்தூர் அம்மாவுக்கு இதுதான் பதில்.

ஜாடி

அந்த வாரக் கடைசியில் தெரு முழுக்க ஒரே பேச்சு. நர்ஸ் வீட்டுப் பின்கட்டில் ஊறுகாய் ஜாடி ஒன்று இருக்கிறது. வாயில் துணி கட்டியிருக்கிறது. மேலே கல் வைத்திருக்கிறது. கிழவர் காலையிலும் சாயங்காலமும் துணியை அவிழ்த்து மோந்து பார்க்கிறார்.

அப்போது மதுவிலக்கு. மூடின ஜாடி என்றால் ஊரில் ஒரே அர்த்தம்தான்.

"ஊறல் போட்டிருக்காரு" என்றார் ஞானமணி வாத்தியார். "வெள்ளைக்காரன்கூடக் குடிச்சுப் பழகின உடம்பு. சும்மா இருக்குமா?"

சனிக்கிழமை ஒரு போலீஸ்காரர் வந்தார். நாங்கள் வாசலில் நின்று பார்த்தோம்.

"ஜாடியில என்ன?"

"கறி" என்றார் சொல்தா.

"என்ன கறி?"

"பன்றி."

போலீஸ்காரர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "எத்தனை நாளா கிடக்கு?"

"மூணு நாளா."

"மூணு நாள் கறி நாறாம இருக்கா?"

"நாறாது."

"நாறாத கறியை நான் பாத்ததில்லையே" என்றார். இன்னும் சந்தேகம் கூடிவிட்டது அவருக்கு. தொப்பியைக் கழற்றிவிட்டு, மூக்கை ஜாடிக்குக் கொண்டுபோனார். சாராய வாடை இல்லை. அழுகின வாடையும் இல்லை. கிராம்பு வாடை. கொஞ்ச நேரம் நின்று யோசித்தார். உப்புக் கறிக்குச் சட்டத்தில் ஒன்றும் இல்லை போல. போய்விட்டார்.

"நான் சொல்லல" என்றார் வாத்தியார். அவரை யாரும் கேட்கவே இல்லை.

என் யோசனை வேறே. ஜாடியில் கறி ஊறுகிறது என்றால் வெடியுப்பு கிடைத்துவிட்டது. யார் கொடுத்தது? என் வீட்டுக்காரர்மேல்தான் முதலில் சந்தேகம். நர்ஸ் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திப் பேசுவார். அன்றைக்கு ராத்திரி அவர் துண்டு முடிச்சை அவிழ்த்துப் பார்த்தேன். பீடி இருந்தது. ஒரு பெப்பர்மிண்ட் இருந்தது. பெப்பர்மிண்ட் யாருக்கு என்பது தனிக் கதை.

விருதுநகர்ப் பருப்பு

வண்டி நின்றதுக்குக் காரணம் அப்புறம்தான் தெரிந்தது. சொல்தாவை விருதுநகருக்குக் கூட்டிப்போய் வந்திருக்கிறார்.

கிழவருக்குச் சின்னதாக, தோலோடு, வெந்தால் உடையாத பருப்பு வேண்டும். சிவகாசிக் கடை எதிலும் பிடிக்கவில்லை. விருதுநகரில் இல்லாத பருப்பா என்று என் வீட்டுக்காரர் சொல்லியிருக்கிறார்.

பேட்டையில் கடை கடையாக ஏறி இறங்கினாராம். சாக்கில் கைவிட்டு நாலு மணி எடுத்து, பல்லில் கடித்து, வெளிச்சத்தில் பார்த்து, வேண்டாம் என்று வைத்துவிடுவாராம். துவரை வேண்டாம். தட்டை வேண்டாம். கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்களாம். கோட்டுப் போட்ட கிழவர், விலை கேட்காமல் சரக்கைச் சோதிக்கிறார்.

ஒரு மண்டிக்காரர் எழுந்து வந்து, பவ்யமாகக் கேட்டாராம். "ஐயா எந்த ஆபீசு?"

"ஆபீசு இல்ல. ஒரு படி பருப்பு வேணும்."

"ஒரு படிக்கா எங்களை இந்தப் பாடு படுத்துனீரு!"

கடைசியில் முழு மைசூர்ப் பருப்பு கிடைத்தது. குருவிக் கண் மாதிரி இருந்தது. கறி, ரயிலடிக்கு அந்தப் பக்கம் பன்றி வளர்க்கிறவர்களிடம். வயிற்றுப் பக்கம்தான் வேண்டும், கொழுப்பும் கறியும் மாறி மாறி இருக்கவேண்டும் என்று நின்று வாங்கினாராம்.

இதைச் சொல்லி என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஒருத்தர் இம்புட்டு அலைந்தால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

கதவோரச் சாக்கு

மறுபடி அந்தத் தட்டுக்கு வருகிறேன்.

யாரும் சாப்பிடவில்லை. சொல்தா முகம் இறுகிக்கொண்டே போனது. பிலோமினா எல்லாருக்கும் தண்ணீர் ஊத்தினாள். ஊத்தின டம்ளருக்கே மறுபடி ஊத்தினாள்.

குருசாமிக்குத்தான் மனசு தாங்கவில்லை. அவன் பெண்டாட்டிக்கு மூணாவது பிரசவம் குறுக்கே விழுந்தது. பிலோமினாதான் தாயையும் பிள்ளையையும் மீட்டுக் கொடுத்தவள்.

"என்ன எல்லாரும் சாமி கும்பிடுற மாதிரி உக்காந்திருக்கீக? நான் குடுத்த மருந்துல வெந்த கறி. நானே மொதல்ல திங்கேன்" என்று ரொட்டியைப் பிய்த்தான்.

"நீயா குடுத்த?" என்றேன்.

"ஆமா மதினி. நர்சம்மா கேட்டு இல்லேன்னு சொல்லுவமா? ஒங்களை மாதிரியா?"

"எப்படிலே வெளிய கொண்டாந்த?"

"தலப்பாக்கட்டுல."

"எந்தச் சாக்குல எடுத்த?"

"கதவோரச் சாக்கு. வேற எது?"

"எந்தக் கெழம?"

"புதன்."

"லோடு வந்த அன்னைக்கா?"

அவன் கை நின்றது.

சீசன் நேரம். அந்தப் புதன்கிழமை லாரியில் பச்சை உப்பு லோடு வந்தது. இறக்கினவர்கள் வெளியூர் ஆட்கள். வழக்கம் தெரியாது. கதவோரம் கிடந்த வெடியுப்பை வடக்குச் சுவருக்குத் தள்ளிவிட்டு, பச்சை உப்பைக் கதவோரம் இறக்கிப் போட்டுப் போய்விட்டார்கள். வியாழக்கிழமை காலை போர்மேன் வந்து கத்தி எல்லாவற்றையும் மாற்றி வைக்கச் சொன்னார். அந்தக் கத்தல் மத்தாப்பு ஷெட் வரைக்கும் கேட்டது.

புதன் மதியத்திலிருந்து வியாழன் காலை வரைக்கும் கதவோரம் இருந்தது பச்சை உப்பு.

"லாரி வாறதுக்கு முந்தி எடுத்தியா, பிந்தியா?"

"முந்தி."

"நெசமா?"

"முந்திதான் மதினி. சங்கு ஊதிச்சு. ஷெட்டுல ஆளு இல்ல. லாரிக்காரனுக்கு டீ வாங்கிட்டு வந்து..."

"டீ வாங்கினா லாரி வந்துட்டுன்னுதானடா அர்த்தம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"இல்லண்ணே. டீ வேற நாளு. இல்ல... அன்னைக்குத்தான்."

ரொட்டியைத் தட்டில் வைத்தான்.

"யாரும் தொடாதீக" என்றேன். கிட்டம்மா கதையை ரெண்டு வார்த்தையில் சொன்னேன். ரெண்டு வார்த்தையே போதுமாக இருந்தது. வாத்தியார் தட்டைக் காலால் தள்ளினார்.

மஞ்சள்

"மிச்சம் இருக்கா நர்சம்மா?"

"இல்ல அக்கா. அப்பா துளி எடுத்தாரு. மிச்சம் வீட்டுல இருந்தா வெடிச்சிருமோன்னு சாக்கடையில கொட்டிட்டேன்."

"சுத்தியிருந்த காகிதம்?"

"அடுப்புல போட்டேன்."

"எரியும்போது என்ன நெறம்?"

"நான் எங்க அக்கா அடுப்பைப் பாத்தேன்."

ஜாடி அடியில் கறி விட்ட தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அடுப்பில் கரி இன்னும் கனன்றுகொண்டிருந்தது. நான் விரலை நனைத்து அதில் தெளித்தேன். வெடியுப்பு லேசான ஊதா காட்டும். பச்சை உப்பு பச்சை காட்டும். மத்தாப்பைக் கொளுத்திச் சோதிக்கும்போது எத்தனையோ தடவை பார்த்தது.

மஞ்சளாக எரிந்தது.

மறுபடி தெளித்தேன். மஞ்சள். சமையல் உப்பு மஞ்சளாக எரியும். ஜாடியில் அதுதான் நிறைய. அந்த மஞ்சளுக்குள் துளி எந்த நிறத்தில் இருக்கிறது என்று எந்தக் கண்ணாலும் சொல்ல முடியாது.

"தெரியல" என்றேன்.

"எனக்குத் தெரியும்" என்றார் சொல்தா. முக்காலியில் இருந்தபடியே சொன்னார். "தேய்க்கறதுக்கு முந்தி நாக்கு நுனியில வச்சேன். வெடியுப்பு நாக்குல குளுரும். குளுந்தது. வெடியுப்புதான்."

"எல்லா உப்பும் அப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கு அது தெரியாது. நான் எந்த மருந்தையும் நாக்கில் வைத்ததில்லை.

"சுருட்டு குடிக்கிற நாக்கு, ஐயா" என்றார் வாத்தியார். "அதை நம்பி எங்களைத் திங்கச் சொல்லுதீகளா? கொட்டிருங்க. கர்த்தர் நம்மளைக் காப்பாத்தினாருன்னு நினைச்சுக்கிடுவோம்."

குருசாமி எழுந்தான். வாசல்படியில் தெருநாய் ஒன்று படுத்திருந்தது. "ஒரு துண்டை அதுக்குப் போட்டுப் பாத்துருவோமே" என்று தட்டிலிருந்து கறியை எடுத்தான்.

"வைடா அதை."

அந்தத் தெருவில் சொல்தா குரல் உயர்த்தி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"கோழியையும் நாயையும் வச்சுப் பாக்கறதுக்கு நான் சமைக்கல. சண்டை நடுவுல சமைச்சுப் போட்டிருக்கேன். ஒருத்தன் என் தட்டை நாய்க்குக் காட்டினதில்ல." மூச்சு வாங்கியது அவருக்கு. "இந்தத் தெருவுக்கு வந்த நாள்லேருந்து எந்த வீட்டுலயும் வாங்கன்னு ஒரு சொல் இல்ல. சரி, நாம கூப்பிடுவோம்னு கூப்பிட்டேன்."

தன் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

முக்காலி

பிலோமினா அடுப்படியிலிருந்து ஓடி வருவதுக்குள் ஒரு துண்டு வாய்க்குள் போய்விட்டது.

"அப்பா, துப்புங்க."

மென்றார்.

"அப்பா!"

விழுங்கினார். ரொட்டியைக் கிள்ளி, பருப்பை வழித்து, அடுத்த வாய் எடுத்தார். அவசரம் இல்லை. கண்ணை மூடித் தின்றார். அவள் தட்டைப் பிடுங்க வந்தாள். அவர் கையை மட்டும் உயர்த்தினார். அவள் நின்றுவிட்டாள். தட்டு காலியாகிற வரைக்கும் வேறே சத்தம் இல்லை. ரொட்டி தட்டில் உரசுகிற சத்தம்தான்.

"கிராம்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்றார்.

பிலோமினா உப்பைக் கரைத்து ஒரு செம்பு கொண்டுவந்தாள். "குடிச்சு வாந்தி எடுங்க. ஒங்க காலைப் பிடிக்கிறேன்."

"தின்னதை வெளிய எடுக்கவா தின்னேன்?"

அவள் என்னிடம் திரும்பினாள். அழவில்லை. "அந்த அம்மாவுக்கு எவ்வளவு நேரத்துல ஆரம்பிச்சது?"

"மதியம் தின்னா. பொழுது சாயயிலதான் வாந்தி."

"அப்ப பொழுது சாயற வரைக்கும் பாக்கணும்" என்றாள்.

என் வீட்டுக்காரர் எழுந்து போய் மாட்டைப் பூட்டி, வண்டியை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகத் தோது. வைக்கோலைப் பரத்தி மேலே போர்வை விரித்தார். பிறகு வந்து உட்கார்ந்தார். வாத்தியார் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. செருப்பை மாட்டினார், கழற்றினார், மறுபடி வந்து சுவரோரம் உட்கார்ந்தார்.

வெயில் பாயில் நகர்ந்தது. கொழுப்பு தட்டில் உறைந்து வெள்ளையாகியது. ஈ உட்கார்ந்தது. ஈ சாகிறதா என்றுகூட நான் பார்த்தேன்.

"காலை ஆட்டிக் காட்டுங்க" என்றேன். கிட்டம்மாளுக்குக் கால்தானே முதலில் போனது.

"எனக்கு நல்ல நாள்லயே அது மடங்காதும்மா."

"மத்தக் காலை."

ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கேட்டேன். ஆட்டினார். மூணாவது தடவை கேட்டபோது, "ஒங்களுக்கு நான் சாகலேன்னு வருத்தமா?" என்றார். குருசாமி சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

எனக்கு அவர் சாகக் கூடாது என்றுதான் இருந்தது. நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது என்றும் இருந்தது. ரெண்டும் சேர்ந்தே இருந்தது.

வெளிச்சம் மங்கினது. பிலோமினா விளக்கை ஏற்றிப் பக்கத்தில் வைத்தாள். சொல்தா சுருட்டு கேட்டார். கொடுத்தாள். பாதி குடித்தார். சுருட்டு விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. தலை மார்புமேல் சாய்ந்தது.

"ஐயா" என்றான் குருசாமி.

அசைவு இல்லை.

"ஐயா!"

என் வீட்டுக்காரர் வாசலுக்குப் பாய்ந்தார். மாட்டை அதட்டுகிற சத்தம் கேட்டது. வாத்தியார் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டார்.

பிலோமினா மண்டியிட்டாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு கையில் ஆஸ்பத்திரிக் கடிகாரம்.

"நர்சம்மா, வண்டியில ஏத்திருவமா?" என்றேன்.

"பேசாதீங்க. எண்ணணும்." கண்ணைக் கடிகாரத்திலிருந்து எடுக்கவில்லை. "எழுபது எண்பதுக்குள்ள, தப்பாம அடிச்சா தூக்கம். விட்டு விட்டு அடிச்சா ஏத்துங்க."

அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் அந்த உதட்டைப் பார்த்தேன். விரலைப் பார்த்தேன். எங்கேயாவது நிற்கிறதா என்று பார்த்தேன். நிற்கவில்லை. ஒரே சீராக அசைந்தது. ஒரு நிமிசம் அம்புட்டு நீளம் என்று எனக்கு அதுக்கு முந்தி தெரியாது.

முள் சுற்றி வந்தது. அவள் கடிகாரத்தைக் கீழே வைத்தாள்.

"எழுபத்தி ரெண்டு."